கனகலிங்கத்தின் இடப்பக்கம்

ஒரு பக்கம் போதும் என்றுதான் நீ சொன்னாய், இராசேஸ்வரி. எனக்குச் சுருக்கமாக எழுத வராது. ஆஸ்பத்திரியில் வார்டு ரிப்போர்ட் எழுதுகிற காலத்திலேயே சிஸ்டர்மார் என்னைத் திட்டுவார்கள். அதனால் இது கொஞ்சம் நீளும். அச்சுக்கு வேண்டியதை மட்டும் நீ வெட்டி எடுத்துக்கொள்.

அப்பாவின் அந்தியேட்டிக்கு, அந்த முப்பத்தோராம் நாளுக்கு, நினைவு மலர் அடிக்கப்போவதாகச் சொன்னாய். தேவாரம், குடும்ப வரலாறு, போட்டோ எல்லாம் தயார். செஸ்ஸைப் பற்றி எழுத மட்டும் ஆளில்லை என்றாய்.

"அப்பா எப்படி விளையாடுவார், எதுல கெட்டிக்காரர், எதுல கோட்டை விடுவார், ஒண்ணுவிடாம எழுதுங்க அங்கிள். உங்களை விட்டா அவர் கேம் யாருக்குத் தெரியும்?"

உண்மைதான். என்னை விட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் பலம். கனகலிங்கம் அண்ணனுக்கு வேகம் பிறவியிலேயே வந்தது. ஐந்து நிமிட ஆட்டத்தில் மற்றவர்கள் பாதி நேரத்தை யோசித்தே கரைத்துவிட்டு, கடைசியில் அவசரப்பட்டு ராணியைப் பறிகொடுப்பார்கள். அவருக்கோ கடைசி அரை நிமிடத்தில்தான் மூளை தெளியும். நேரம் தீர்ந்து கடிகாரத்தின் கொடி விழப்போகிற நேரத்தில் மனுஷன் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவன் பலகையை விட்டுக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். காய் இழப்பதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. வெள்ளையில் ஆடினால் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைத் தூக்கிச் சும்மா கொடுத்துவிடுவார். வாங்கியவன் அதைக் காப்பாற்றுகிற கவலையிலேயே செத்துப்போவான். பலகை முழுவதும் அவர் கண்ணுக்குள் இருக்கும். ஒரு மூலையில் யானையை நகர்த்தும்போதே எதிர்மூலையில் குதிரைக்கு வழி பார்த்துவைத்திருப்பார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கண்ணை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. இந்த வரியை மலரில் போடு.

அவரை நான் முதலில் பார்த்தது எழுபத்து மூன்றில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் எங்கள் செஸ் கிளப் இருந்தது. அவர் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவார். வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு என்னைத்தான் தேடுவார். மற்றவர்களோடு ஆடுமுன் என்னோடு ஒரு ஆட்டம். வாய் கொப்பளிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள். ஜெயித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்:

"வீரம், உங்க பேர்லதான் வீரமும் இருக்கு, சிங்கமும் இருக்கு. போர்ட்ல ரெண்டையும் காணோம்லா!"

கிளப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வீரசிங்கம் என்று எனக்குப் பெயர் வைத்த அப்பாவை நினைத்துக்கொண்டு சிரிப்பேன். அந்தக் கிளப்பையே மூடிவிட்ட வருஷம் வரைக்கும் அப்படிச் சிரித்தேன். அவர் என்னைக் கேலி செய்ததில் விஷம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் தோளில் கைபோட்டு வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவார். எனக்குப் பிடித்த மீன்கறியை அவரே கேட்டு வாங்கி வைப்பார். அதுதான் எனக்குத் தாங்க முடியாது. தோற்றவனுக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருக்கும்.

அவரிடம் நான் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. டிரா உண்டு, அதுவும் அவருக்கு ரயிலுக்கு நேரமான நாட்களில். கிளப்பில் என்னைவிட மட்டமாக ஆடுகிற அய்யாவு அவரை இரண்டு தடவை ஜெயித்தான். நான் ஜெயித்ததில்லை.

இனி பலவீனம். அவருக்குப் பெரிய பலவீனம் ஒன்றே ஒன்றுதான், அது பலகையில் இல்லை, நாற்காலியில் இருந்தது. ஜெயித்தால் உடனே எழுந்துவிடுவார், காப்பி குடிக்கவேண்டும். தோற்றால் எழுந்திருக்கமாட்டார். இன்னொன்று, இன்னொன்று என்று ஜெயிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அய்யாவுவிடம் தோற்றுவிட்டுக் கடைசி ரயிலை விட்டுவிட்டு என் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

உன் அம்மா குணபூசணி அக்கா தவறிய பிறகு நீ அவருக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாய். போன் வயரைச் செருகி, அது கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்ததும், உலகத்தில் எவனோடும் செஸ் ஆடலாம் என்பதைக் கண்டுபிடித்த நாளில் குழந்தை மாதிரி எனக்குப் போன் செய்தார்.

"வீரம், அமெரிக்காக்காரன ஒருத்தன இப்பத்தான் மேட் பண்ணேன். வீட்டுல சாரம் கட்டிக்கிட்டு உக்காந்து! நீங்களும் ஒண்ணு வாங்குங்கலா."

நானும் வாங்கினேன், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. அவர் அங்கே கிள்ளான்லிங்கம் என்ற பெயரில் இருந்தார். நான் ஓலாவ் என்ற பெயரில், நார்வே தேசத்துக்காரனாகச் சேர்ந்தேன். என் தங்கை மகன் அங்கே இருப்பதால் பனி, குளிர் எல்லாம் கொஞ்சம் தெரியும். மீன் தொழிற்சாலையில் இரவுக் காவல் என்று சொல்லிவைத்தேன். நம்முடைய காலை அங்கே விடியுமுன் என்பதால் அது பொருத்தமாக இருந்தது.

இதில் தப்பாக எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதிக்கும்போது, எது மருந்து எது வெறும் மாவு என்று நோயாளியிடம் சொல்வதில்லை. சொன்னால் முடிவு கெட்டுவிடும். நான் எதிரே உட்கார்ந்தாலே அவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது, எனக்கு நடுக்கம் வந்துவிடுகிறது. முகம் தெரியாமல் ஆடினால் யார் எப்படி என்று பார்க்கலாமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஓலாவும் தோற்றான். அநேகமாக எல்லா நாளும், காலையில் பத்தரைக்கு மேல் ஆடுவோம். அவர் ஜெயித்துவிட்டு எழுந்துபோவார். ஒருநாள் போவதற்குமுன் ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்பினார். இதுதான் அதன் சாரம்: 'கோலாலம்பூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நீங்கள் அவர் மாதிரியே ஆடுகிறீர்கள். நல்ல மனுஷன். காயைத் தொடுமுன்பே பயந்துவிடுவார்.'

அதை நான் இன்னொரு தடவை படித்தேன். வெளியே பழைய ரயில்வே யார்டில் புது ஸ்டேஷனுக்கு அடித்தூண் இறக்கப் பைலிங் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் மேசை அதிர்ந்தது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதை அவரே வாழை இலைக் கடையில் சொன்னார். போர்ட் கிள்ளான் ஆபீஸிலிருந்து நீ மதியத்துக்குமுன் வீட்டுக்குப் போன் செய்வாய். எங்கேஜ் டோன் வந்தால் லைன் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அப்பா விளையாடுகிறார், சுகமாக இருக்கிறார். மணி அடித்து எடுத்தாலும் சுகம். மணி அடித்து எடுக்காவிட்டால்தான் நீ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். "எம் மக கெட்டிக்காரிலா, போன் எடுக்காமலே நான் இருக்கேனா போய்ட்டேனான்னு கண்டுபிடிச்சிருவா" என்று பெருமையாகச் சிரித்தார்.

அந்த நாளுக்கு வருகிறேன். செப்டம்பர், காட்டுத்தீயின் புகைமூட்டம் மோசமாக இருந்த வாரம். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. எல்லோரும் கதவு சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தார்கள். கிள்ளானிலும் அப்படித்தான் என்று நீ பிறகு சொன்னாய். பக்கத்து வீட்டு நேசம்மா ஆன்டிகூட அன்றைக்கு எட்டிப்பார்க்கவில்லை.

முதல் ஆட்டத்தில் அவருக்கு வெள்ளை. வழக்கம்போலச் சிப்பாயைக் கொடுத்தார், வழக்கம்போல வலதுபக்கம் என் ராஜாவின்மேல் பாய்ந்தார். அருமையான ஆட்டம். ஆனால் இடது ஓரத்தில் என் ராணி போய் அவருடைய யானைக்கு நேரே நின்றது. அவர் கண்டுகொள்ளவில்லை. சும்மா கிடந்த யானையை எடுத்தேன். அதற்கும் பதில் இல்லை. பக்கத்துக் குதிரையையும் எடுத்தேன். பலகையின் அந்தப் பாதியே அவர் வீட்டில் இல்லாத மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். நான் ஜெயித்தேன்.

சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது வேறு. என் வேலை உனக்குத் தெரியுமே, முப்பது வருஷம் ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட். மூளையின் வலதுபக்கத்தில் ரத்தம் அடைத்துப்போனவர்கள் எத்தனையோ பேரை நான் தூக்கி உட்காரவைத்துச் சோறு கொடுத்திருக்கிறேன். தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, சோறு போதவில்லை என்று சண்டை போடுவார்கள். இடது பாதி அப்படியே இருக்கும். கண் குருடு இல்லை. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தட்டைத் திருப்பிவைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார்கள். தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது, அதுதான் அந்த நோயின் கொடுமை.

அதனால் நான் அவசரப்படவில்லை. ஒரே ஆட்டத்தை வைத்து முடிவுசெய்வது தொழிலுக்கு அழகில்லை. கவனப்பிசகாகவும் இருக்கலாம். பலகையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அடுத்த ஆட்டத்தில் அவருக்குக் கறுப்பு வரும், திரையில் பலகை தலைகீழாகத் திரும்பும். ராணி பக்கம் இருந்த இடது ஓரத்துக்கு ராஜா பக்கம் வந்துவிடும். வெறும் கவனப்பிசகு என்றால் பழைய பக்கமே கோட்டை விடுவார். நோய் என்றால் ஓட்டை இடம் மாறும்.

அவரே மறுபடி ஆடக் கேட்டார். தோற்றிருந்தாரே.

ஓட்டை இடம் மாறியது. அவருடைய ராஜா இப்போது இடதுபக்கம் இருந்தது. அதற்கு முன்னால் நின்ற சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். வலதுபக்கத்தில் அவர் என்னமாய்ப் பின்னிக்கொண்டிருந்தார் தெரியுமா! அப்படி ஒரு அழகு. இடதுபக்கம் அவர் ராஜாவின் வீட்டுக்குள் என் ராணி நடந்துபோய் உட்கார்ந்தது. மேட்.

அந்த நிமிடத்தில் அது பக்கவாதம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. டாக்டர் வேண்டியதில்லை. அதை இப்போது மறைக்கவில்லை.

போன் செய்திருக்கலாமே என்று கேட்பாய். என் போன் லைன் கம்ப்யூட்டரில் இருந்தது. வயரைப் பிடுங்கியிருக்கலாம். கீழே மூலைக் கடையில் பப்ளிக் போனும் உண்டு. உன் ஆபீஸ் நம்பர் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது, உன் அம்மா காரியத்தின்போது நீ எழுதிக் கொடுத்தது. 'அப்பாவுக்கு ஏதோ செய்கிறது, எழுந்திருக்க வேண்டாம் என்று சொல், இடது கால் நிற்காது' என்று ஒரு வார்த்தை போதும்.

ஆனால் அதற்குள் அவர் மூன்றாவது ஆட்டத்துக்கு அழைத்துவிட்டார். இனிமேல் ஆடுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

நிதானமாக இதைச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவர் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பயமில்லாமல் ஆடினேன், அவ்வளவுதான். காயைத் தொடுமுன் தயங்கவில்லை. இந்த மனுஷனோடு இப்படி ஒருநாள் ஆடவேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன்! நான் ஜெயிக்க ஜெயிக்க அவர் எழுந்திருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். லைன் விடுபடாது என்பதும் தெரியும். அந்நேரம் உனக்கு எங்கேஜ் டோன் கேட்டிருக்கும். நீ நிம்மதியாகப் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாய்.

வழக்கமான கேலி எதுவும் அன்று வரவில்லை. ஒரே ஒருமுறைதான் எழுதினார். ஒரு கை ஓடாதவன் தட்டியதுபோல எழுத்துகள் விட்டுவிட்டு இருந்தன, ஆனாலும் புரிந்தது. 'இன்று போர்டு சின்னதாக இருக்கிறது.'

'உங்கள் மூவ்' என்று நான் பதில் போட்டேன்.

அதற்குப் பிறகும் ஆடினோம். கடைசி ஆட்டத்தில் மேட் ஆனபிறகு மறுபடி அழைப்பு வரவில்லை. காத்திருந்தேன். அந்த செஸ் சர்வரில் ஒருவர் பெயரைத் தட்டினால், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று காட்டும். கிள்ளான்லிங்கம் தொடர்பில்தான் இருந்தார், சும்மா இருந்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். நேரம் ஏறிக்கொண்டே போயிற்று. எழுந்திருக்கப் பார்த்து, இடது கால் மடங்கி, மேசை முனையில் தலை அடித்து அவர் விழுந்துகிடந்தார் என்பது உனக்குத் தெரியும். நீதானே சாயங்காலம் வந்து வாசல் கிரில்லைத் திறந்து பார்த்தாய். பின்மதியம் முழுவதும் அந்த லைன் எங்கேஜாகவே இருந்தது.

அப்போதாவது உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால், எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். ஓலாவைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த நாட்களில் நான் கட்டிலைவிட்டு நகரவில்லை என்று எல்லோரிடமும் நன்றியோடு சொல்கிறாயாம். "அங்கிள், நீங்க ஏன் அந்தப் பக்கமே நிக்கிறீங்க, இங்க வந்து நாற்காலில உக்காருங்க" என்று கூப்பிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் அவருக்கு இடதுபக்கம் நின்றுகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் வலதுபக்கம்தான் பார்ப்பார், அங்கே நீ இருந்தாய். என் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கிள்ளான் வீட்டில் பெட்டியில் கிடத்தியிருந்தபோதும் அந்தப் பக்கமே நின்றேன். வாய்க்கரிசி போடும்போது மட்டும் வலதுபக்கம் வரவேண்டியதாகிவிட்டது. அரிசி கீழே சிந்தியது. துக்கம் தாங்கவில்லை என்று உன் சித்தி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இப்போது சாப்பிடும்போது தட்டின் இடதுபக்கத்தை முதலில் தின்று தீர்த்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் மேசையைச் சுவரோடு சுவராக நகர்த்திப்போட்டேன், இடதுபக்கம் ஆள் நிற்க இடமில்லாதபடி. அப்படியும் பைலிங் சத்தம் நின்ற இடைவெளியில் அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு முணுமுணுக்கிறது. அவசரமில்லாமல், கடைசி அரை நிமிடத்தில் முணுமுணுப்பாரே, அந்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் சுவர். பார்க்காவிட்டால் பாட்டு நிற்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, இராசேஸ்வரி. மறைப்பானேன்.

போன வாரம் நீ இதை எழுதித் தரக் கேட்டு வந்தபோது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்:

"கடைசியா யாரோ ஒரு வெள்ளைக்காரனோட விளையாடிட்டு இருந்திருக்கார் அங்கிள். ஸ்கிரீன்ல பேர் இருந்துச்சு. அந்த ஆள் என்ன செய்வான் பாவம், அவ்ளோ தூரத்துல இருக்கறவனுக்கு என்ன தெரியும்?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டே இருப்பது நியாயமில்லை என்று மனசாட்சி உறுத்தியது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒரே ஒரு ஆட்டம் நான் தோற்றிருந்தால் போதும், அவர் ஜெயித்த திருப்தியில் லைனைத் துண்டித்திருப்பார். நீ மறுபடி சுற்றியிருந்தால் மணி அடித்திருக்கும், எடுக்காவிட்டால் ஓடிவந்திருப்பாய். ஆயுசு முழுக்க அவரிடம் தோற்றவனுக்கு இன்னும் ஒரு தோல்வி பெரிய பாரமா? அன்றைக்கு என்னால் முடியவில்லை. உன் அப்பாவைச் சாகவிட்டவன் நான்தான். இதை நீ போலீசிடம் கொடுத்தாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

கடைசி ஆட்டத்தின் மூவ்களை முழுவதும் இத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். நல்ல ஆட்டம். என் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை, தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்டுப்பார். மற்றதை எல்லாம் வெட்டினாலும் மலரில் இதை மட்டும் போடு. ஆனால் தலைப்பில் 'ஓலாவ், நார்வே' என்று அச்சாகிவிடக் கூடாது, அம்மா. என் பெயரைப் போடு. ஜெயித்தது வீரசிங்கம்.